தாயும் சேயும் நலம் என்று எப்போது சொல்லலாம்?

ஈசூன்வாசி:

எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகள் பணிப்பெண்ணாக இருந்து, என் மகனைத் தோளில் போட்டு வளர்த்தவர், திருமணத்திற்காக மியன்மாரின் மக்வே வட்டாரத்திலுள்ள தம் கிராமத்திற்குத் திரும்பினார். சென்ற செவ்வாய்க்கிழமை அவருக்குப் பெண் குழந்தை பிறந்துள்ளது. அவருடைய தங்கை அனுப்பிய படத்தில் குழந்தையைச் சுற்றியிருந்தது என் மகனின் பழைய துவாலை. அதன் கிழிந்த மூலையை அவர் நீல நூலால் தைத்த தையல் அப்படியே இருக்கிறது. பார்த்ததும் அழுதுவிட்டேன்.

பிரசவ வலி ஒன்றரை நாள் நீடித்ததாம். அருகிலிருந்த சுகாதார நிலையம் 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு மூடிக் கிடப்பதாலும், இரவில் சாலையில் செல்ல அஞ்சியதாலும், ஊர் மருத்துவச்சி கைபேசி வெளிச்சத்திலேயே பிரசவம் பார்த்திருக்கிறார். இரத்தப்போக்கு அதிகமாக இருந்து, பின்னர் நின்றதாம். இப்போது "தாயும் சேயும் நலம்" என்கிறார்கள். நல்ல நேரத்தில் தாயின் உடல்நிலையைத் துருவிக் கேட்பது அபசகுனம் என்று என் மாமியார் தயங்குகிறார். என்ன கேட்கலாம், என்ன அனுப்பலாம்?

ஓய்வுபெற்ற தாதி:

தயங்காமல் கேளுங்கள் அம்மா. பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்பது, தம் தெருவிலேயே பறிகொடுத்த பெண்களை எண்ணி நம் பாட்டிமார் சொன்ன சொல். 1966இல் நம் சிங்கப்பூரின் காண்டாங் கெர்பாவ் மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. அத்தனை நெருக்கடியிலும் மருத்துவரும் தாதியும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். அந்தக் கிராமத்தில் அது இல்லை. இரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசிமருந்தைக் குளிரில் வைத்திருக்க வேண்டும். மின்சாரமே இல்லாத இடத்தில் அதன் வீரியம் குறைந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் ஏறத்தாழ 260,000 பெண்கள் உயிரிழந்தனர்.

குழந்தை பிறந்ததோடு ஆபத்து நீங்கிவிடுவதில்லை. தாயின் இரத்தப்போக்கால் ஒரு மணி நேரத்திற்குள் ஓர் அணையாடை (நாப்கின்) முழுவதும் நனைகிறதா, காய்ச்சல் உண்டா, கடுமையான தலைவலியோடு பார்வை மங்குகிறதா என்று தங்கையிடம் நேரடியாகக் கேளுங்கள். தலைவலியை மட்டும் தூக்கமின்மை என்று ஒதுக்கிவிடுவார்கள். இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவது பிரசவத்திற்குப் பின்னரும் நடக்கும். குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், உடல் சில்லிட்டாலும் கொதித்தாலும், தொப்புளைச் சுற்றிச் சிவந்தாலும் காத்திருக்கக் கூடாது. தொப்புள்கொடியில் மஞ்சளோ சாம்பலோ தடவ வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

ரங்கூன் பேரன்:

தாதி அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தயவுசெய்து பால்மாவு டின்களை அனுப்பாதீர்கள். இங்கே அன்பளிப்பாகத் தோன்றுவது, சுத்தமான தண்ணீர் கிடைக்காத ஊரில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலே போதும். அனுப்பக்கூடிய தொகை ஐம்பது வெள்ளியானாலும் பணமாக அனுப்பி, "வண்டிச் செலவுக்கு" என்று பெயர் சொல்லி அனுப்புங்கள். மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்று வீட்டார் யோசிக்கும்போது முதலில் குறுக்கே நிற்பது வண்டிக் கூலிதான்.

என் தாயார் ரங்கூனில் பிறந்தவர். குழந்தைக்குப் பெயர் வைக்கும் சடங்கை பர்மியர்கள் "கின்புன் தட்" என்பார்கள்; கின்புன் என்பது நம் சீகைக்காயேதான், அதைக் கொண்டு குழந்தையின் தலையை அலசுவார்கள். பிறந்த கிழமைக்கு உரிய எழுத்தில் பெயர் தொடங்குவதும் அவர்கள் வழக்கம். எந்த எழுத்து வந்தது என்று குழந்தையின் தாயிடம் கேளுங்கள், மிகவும் மகிழ்வார்.

ஈசூன்வாசி:

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு தங்கையிடம் கேட்டேன். இரத்தப்போக்கு இல்லை; ஆனால் இரண்டு நாளாகத் தலைவலி என்றும், வெயிலால் இருக்கும் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். இன்று விடிந்ததும் வண்டி பிடித்து நகரத்திற்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். இரத்த அழுத்தம் மிக அதிகமாம். மருந்து கொடுத்து, அங்கேயே தங்கச் சொல்லியிருக்கிறார்கள். சற்று முன் அவரே குரல் அனுப்பினார், என் மகனின் பெயரைச் சொல்லி அவன் சாப்பிட்டானா என்று கேட்டார். பின்னால் குழந்தை அழுவது கேட்டது. பெயருக்கு எழுத்து இன்னும் பார்க்கவில்லையாம்.