சமூகத் தணிக்கையில் பிடித்த பணம் எங்கே போகிறது?

ஊரணி:
2023ல் எங்கள் ஊராட்சியில் நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கை நடந்தது. வெளியூரிலிருந்து வந்த நாலு பெண்கள் வருகைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். "இந்த வாரம் ஆறு நாளும் வேலைக்கு வந்தீங்களா? பணம் ஏறிடுச்சா?" இவ்வளவுதான் கேள்வி. இரண்டு வருடமாகத் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறவர் கண்மாயில் மண் வெட்டியதாகப் பதிவு இருந்தது. ஆழப்படுத்தியதாக எழுதிய வரத்துக்கால்வாயில் முழங்கால் அளவுக்குக்கூட மண் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் கிராம சபையில் வாசித்தார்கள். அப்புறம் ஒன்றியத்தில் விசாரணை வைத்து, ரூ.38,000 வசூலிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதோடு சரி. யாராவது கட்டினார்களா என்று இன்றுவரை ஊருக்குத் தெரியாது.

மக்கள் நேரே கணக்குக் கேட்கும் இந்த முறையைக் கைவிடக் கூடாது, பல் முளைக்க வைக்க வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பேரேடு:
அம்மா, நான் முப்பது வருடம் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. தணிக்கை என்றால் முதலில் சுதந்திரம் வேண்டும். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை உச்ச நீதிமன்ற நீதிபதியைப் போலத்தான் பதவி நீக்க முடியும். அவர் அலுவலகச் செலவை நாடாளுமன்றம் ஓட்டெடுப்பில் வெட்ட முடியாது. ஓய்வுக்குப் பிறகு அரசுப் பதவி எதுவும் ஏற்கக் கூடாது. அரசியல் சட்டத்தின் 148ஆம் பிரிவு இதையெல்லாம் யோசித்து எழுதியிருக்கிறது. சமூகத் தணிக்கைக்கு இதில் எது இருக்கிறது? திட்டத்தை நடத்திய அதே மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம், திட்டச் செலவில் 0.5 சதவீதம் வரை தணிக்கைக்கு ஒதுக்கியது. பணம் வரத் தாமதமானால் தணிக்கைக்குப் போகிறவருக்குச் சம்பளம் இல்லை. கணக்குக் கேட்கப்படுபவர் கையிலேயே கணக்குக் கேட்பவரின் சோறு இருக்கிறது.

கிராம சபையில் கோஷ்டிச் சண்டையையும் பார்த்திருக்கிறேன். தோற்ற வேட்பாளரின் ஆட்கள் ஒரு பக்கம், தலைவரின் ஆட்கள் ஒரு பக்கம். அங்கே உண்மை எப்படி வெளியே வரும்? பயிற்சி உள்ளவர்கள் எம் புக்கையும் (செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) வவுச்சரையும் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஊரணி:
ஐயா, எங்கள் ஊர் எம் புக்கில் ஒரு பிழைகூடக் கிடையாது. நீளம், அகலம், ஆழம், ஓவர்சியர் கையெழுத்து எல்லாம் சரி. பொய் இருந்தது கால்வாயில். சென்னையிலிருந்து வருகிறவர் சில ஊராட்சிகளை மாதிரிக்கு எடுத்துக் கோப்பு பார்த்துவிட்டுப் போனால், திருப்பூரில் இருக்கிறவர் இங்கே வேலை பார்க்கவில்லை என்று அவருக்கு யார் சொல்வார்கள்?

இது ராஜஸ்தானில் பிறந்த முறை. 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானாவில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய முதல் மக்கள் விசாரணையில் வேலைக் கணக்கை ஊர் நடுவே சத்தமாக வாசித்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்துக்கே அந்தப் போராட்டம்தான் வித்து. அதனால்தான் நூறு நாள் வேலைக்கான 2005 வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தணிக்கைப் பொறுப்பைக் கிராம சபையிடம் கொடுத்தது. கோஷ்டி பற்றிய உங்கள் பயத்துக்கும் அந்தச் சட்டத்தின் 2011 தணிக்கை விதிகளில் பதில் இருந்தது: தணிக்கைக்கு வருகிறவர் அதே ஊராட்சிக்காரராக இருக்கக் கூடாது. அந்த விதிகளை உங்கள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரைக் கலந்துதான் எழுதினார்கள்.

கம்மாய்க்கரை:
ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டவங்களைப் பற்றிப் பேசவே இல்லை. என் மதினி பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவர். அவரும் மற்றவர்களைப் போல கூலிக்காரர்தான். ஒரு பாட்டிக்குக் காய்ச்சல், பாதி நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு முழு நாள் போட்டார். அதைச் சபையில் "மோசடி" என்று வாசித்தார்கள். மூன்று மாதம் அவர் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.

அதே வருடம் போட்ட சிமெண்ட் ரோடு ஒரு மழைக்குப் பெயர்ந்தது. அதைப் பற்றி ஒரு வரி இல்லை. செலவில் கூலிக்கு 60 சதவீதம், பொருளுக்கு 40 என்பது அந்தச் சட்டப்படி இருந்த விகிதம். பெரிய பணம் அந்த 40ல்தான். ஜல்லி என்ன விலை, எத்தனை மூட்டை இறங்கியது என்று கூலி வாங்குகிற பெண்களுக்கு யார் காட்டுகிறார்கள்? சமூகத் தணிக்கை ஏழையை ஏழை காட்டிக் கொடுக்கும் இடமாகத்தான் எனக்குத் தெரிகிறது.

ஊரணி:
தம்பி, உங்கள் மதினிக்கு நடந்தது தப்பு. காய்ச்சல்காரப் பாட்டிக்குக் கூலி போட்டதையும் இல்லாத ஆளுக்குக் கூலி போட்டதையும் ஒரே சொல்லால் வாசிக்கக் கூடாது. பொருள் பில் விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பில், வவுச்சர் எல்லாவற்றையும் ஊராட்சி காட்டியே ஆக வேண்டும் என்று அதே 17ஆம் பிரிவு சொன்னது. எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பேரேடு:
நல்லது, கேட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கண்டுபிடித்தபின் என்ன ஆகும்? 2017-18 முதல் நாலு வருடத்தில் நாடு முழுக்கச் சமூகத் தணிக்கை கண்டுபிடித்த முறைகேடு சுமார் 935 கோடி ரூபாய். திரும்ப வந்தது 12.5 கோடி. 2021ல் பத்திரிகையில் வந்த கணக்கு இது. தமிழ்நாட்டில் 245 கோடியில் 2 கோடியைச் சற்றுத் தாண்டி வந்தது. தணிக்கைத் தடை, அதாவது கணக்கில் கண்ட குறையை ஆட்சேபித்து எழுதுவது சுலபம் அம்மா, நிவர்த்தி செய்ய வைப்பதுதான் வேலை.

ஊரணி:
அந்த 245 கோடிதான் மாநிலங்களிலேயே அதிகம் என்று சொல்வார்கள். இங்கே 12,525 ஊராட்சிகளிலும் போய்ப் பார்த்தார்கள், அதனால் தெரிந்தது. போகாத மாநிலத்தில் முறைகேடே இல்லை என்று எடுத்துக்கொள்வீர்களா? வசூல் ஆகாதது தேடிப் பிடித்த பெண்களின் குற்றம் இல்லை. வசூலிக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை, ஒன்றியத்திடமும் மாவட்டத்திடமும் இருக்கிறது. உங்கள் துறை அறிக்கையும், அதை ஆராய வேண்டிய சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழுவில் வருடக்கணக்கில் காத்துக் கிடக்கவில்லையா?

பேரேடு:
கிடக்கிறது. மறுக்க மாட்டேன். என் கையெழுத்துப் போட்ட தடைகளில் பல, நான் ஓய்வு பெற்ற நாளிலும் நிலுவையில்தான் இருந்தன. ஆனாலும் சம்பளத்துக்கு அமைச்சகத்தை எதிர்பார்க்கும் தணிக்கையைச் சுதந்திரமானது என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

உங்கள் ஊர் 38,000க்கு ஒரு வழி சொல்கிறேன். "நடவடிக்கை எடுத்தீர்களா" என்று கேட்காதீர்கள். "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று ஒரு வரியில் பதில் வரும். தகவல் உரிமை மனுவில் மூன்றே கேளுங்கள்: வசூல் ஆணையின் எண்ணும் தேதியும், யார் யார் எவ்வளவு கட்ட வேண்டும், கட்டிய சலானின் நகல். பணம் கட்டியிருந்தால் சலான் இருக்கும்.

கம்மாய்க்கரை:
அக்கா, அந்த மனுவிலேயே உங்கள் ஊர் பொருள் பில்லையும் சேர்த்துக் கேளுங்கள். நான் எங்கள் ஊர் சிமெண்ட் ரோட்டுக்குத் தனியாகப் போடுகிறேன்.