ஷொக் அப்சோபருக்கு ஒரு சொல் வேண்டும், வியாழனுக்குள்

திருகோணமலையிலிருந்து, ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம்.

நான் இங்கே மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். கெப் வாகனத்தின் முன்பக்கத்தை உயர்த்தி மட்டத்துக்குக் கொண்டுவருவது பற்றியும், அதற்கு ஏற்ற முன் ஷொக்கைத் தெரிவது பற்றியும் ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ஆனால் சில சொற்களில் அப்படியே நின்றுவிட்டேன்.

வாகனப் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெப், பிக்கப் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பின்பக்கம் ஓரிரு அங்குலம் உயர்ந்துதான் வரும். பின்னால் பாரம் ஏற்றும்போது பட்டை ஸ்பிரிங் பணிந்து வண்டி மட்டத்துக்கு வரட்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். பாரம் ஏற்றாமல் ஓடுகிறவர்களுக்கு அந்தக் குனிந்த நிலை பிடிப்பதில்லை, பெரிய டயர் போடவும் ஆசை, ஆகவே முன்பக்கத்தை உயர்த்தித் தரச் சொல்கிறார்கள். ஷொக்கின் தலையில் ஒரு கட்டை வைத்து உயர்த்தலாம், ஸ்பிரிங் தட்டின் உயரத்தை மாற்றக்கூடிய ஷொக் வாங்கிப் போடலாம், அல்லது ஸ்பிரிங்கோடு சேர்த்து முழுத் தொகுதியையும் மாற்றலாம்.

என் பிரச்சினை பழைய குறிப்பில் இருக்கும் 'அதிர்வுதாங்கி' என்ற சொல். வண்டி ஏன் முன்னால் பணிந்து நிற்கிறது என்று கேட்டால் வகுப்பில் பலர் 'அதிர்வுதாங்கி பழுது' என்று எழுதுகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. தாங்கி என்று நாமே பெயர் வைத்துவிட்டு, அது எதையும் தாங்குவதில்லை என்று பிறகு நாமே படிப்பிக்கிறோம். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் அமுங்கி விரிந்து, மறுபடி அமுங்கி விரிந்து ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி, அந்த ஆட்டத்தை வெப்பமாக்கி அடக்குவதுதான் ஷொக்கின் வேலை. ஷொக் செத்துப்போனால் வண்டி துள்ளுமே தவிரப் பணியாது. இதைச் சொல்லிலேயே காட்ட வேண்டும் என்று விரும்புகிறேன். முன்கூட்டியே ஸ்பிரிங்கை அமுக்கி வைப்பதற்கும், முன்பக்கத்தை மட்டமாக்கும் வேலைக்கும் கூடச் சொல் வேண்டும். உதவுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து, திங்கள் காலை

பிள்ளைக்கு என் வாழ்த்து. நல்ல கேள்வி, ஆனால் அடியிலிருந்து தொடங்கவில்லை. ஷொக்குக்குப் பெயர் வைக்குமுன் அது உறுப்பாக இருக்கும் முழு அமைப்புக்கு என்ன பெயர்? 'தொங்கல்' என்று எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும் தொங்கல் என்றால் ஒன்றின் கடைசி முனை. தெருத் தொங்கலில் நிற்கிறான் என்போம். வாகனத் தொங்கல் என்றால் வாகனத்தின் வால் என்றல்லவா ஊரவன் எடுத்துக்கொள்வான்.

பழந்தமிழில் இதற்குத் தூங்குதல் என்ற சொல் இருக்கிறது. தூங்குதல் என்றால் தொங்குதல், அசைதல். சங்கப் பாட்டில் வானத்தில் தொங்கும் கோட்டைக்குத் தூங்கெயில் என்று பெயர். கூட்டைத் தொங்கவிடும் குருவி தூக்கணங்குருவி. இன்னொன்றையும் கவனியுங்கள். யாப்பில் கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை. ஒன்று குதித்துப் போவது, மற்றது அசைந்து அசைந்து போவது. வாகனத்தில் நடப்பதும் இதேதான். துள்ளலைத் தூங்கலாக்குவதே இந்த முழு அமைப்பின் தொழில். ஆகவே அமைப்புக்குத் 'தூங்கல்', பிள்ளை கேட்கும் உறுப்புக்குத் 'துள்ளல்தணிப்பி' என்பது என் முடிவு. யாப்பிலக்கணம் இரண்டாயிரம் ஆண்டு வண்டி ஓட்டிய மக்களின் காதிலிருந்து பிறந்தது என்று நான் நம்புகிறேன், மாட்டுவண்டியின் நடையையும் சீர்களின் நடையையும் ஒப்பிட்டு விரிவாக எழுத நெடுநாளாக எண்ணம், அது தனியே.

கோயம்புத்தூரிலிருந்து, திங்கள் பிற்பகல்

ஐயா, துள்ளல் அருமை. தூங்கல் மட்டும் வேண்டாம். 'வாகனத்தின் தூங்கும் அமைப்பு' என்று ஒரு பையன் வாசித்தால் அந்த வகுப்பு அன்றைக்கு முடிந்தது. சொல்லின் பழைய பொருள் எவ்வளவு சரியாக இருந்தாலும், இன்றைக்கு இருக்கிற பொருள் முன்னால் வந்து நின்றுவிடும்.

தமிழ்நாட்டில் அதிர்வுதாங்கியும் உண்டு, அதிர்வுறிஞ்சியும் உண்டு. இரண்டுமே ஆங்கிலப் பெயரைப் பார்த்து எழுதியவை. அங்கேயே அந்தப் பெயர் தப்பு, பிரித்தானியப் பொறியாளர்கள் ஆட்டத்தைத் தணிப்பது என்ற பொருளில் வேறு சொல்லைத்தான் புழங்குகிறார்கள். தாங்கியில் எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பேரிங்குக்கு நாங்கள் தாங்கி என்கிறோம். இலங்கையில் நீங்கள் போதிகை என்கிறீர்கள், கோயில் தூணின் தலையில் உத்தரத்தை ஏந்தும் உறுப்பின் பெயரை எடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்தது எவ்வளவு அழகு. அது இங்கே வேரூன்றாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

என் முன்மொழிவு 'துள்ளடக்கி'. ஆறே எழுத்து, வாயில் நிற்கும், வண்டி துள்ளினால் அடக்குவது என்று சொன்னவுடன் விளங்கும்.

மட்டக்களப்பிலிருந்து, திங்கள் மாலை

துள்ளடக்கி இலக்கணப் பிழை. ஊறுகாய் என்றால் ஊறும் காய், சுடுசோறு என்றால் சுடும் சோறு. வினைத்தொகை அப்படித்தான் விரியும். துள்ளடக்கி என்றால் துள்ளும் அடக்கி என்று வரும், அடக்க வேண்டியதே துள்ளினால் வண்டி என்னாவது?

கோயம்புத்தூரிலிருந்து, திங்கள் இரவு

ஐயா மன்னிக்கணும், இது வினைத்தொகையே இல்லை. துள் என்பது இங்கே முதனிலைத் தொழிற்பெயர். துள்ளை அடக்குவது துள்ளடக்கி, இரண்டாம் வேற்றுமைத் தொகை. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்ற விதிப்படி ள் இரட்டித்தது. முள்ளெலி என்று சொல்லும்போது முள்ளும் எலி என்று யாரும் விரிப்பதில்லையே.

மட்டக்களப்பிலிருந்து, சற்று நேரத்தில்

முள் பெயர்ச்சொல். துள் எங்கே பெயராக வந்தது, ஒரு மேற்கோள் காட்டுங்கள், ஏற்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து, செவ்வாய் காலை

டீச்சர், நான் கராஜ் வைத்திருக்கிறவன், இலக்கணத்துக்குள் வரவில்லை. எங்களிடம் வருகிற ஆட்கள் 'முன்னுக்குத் தூக்கித் தாங்க' என்பார்கள், அதுக்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. ஷொக் ஷொக்தான். உங்கள் பிள்ளைகள் பயிற்சிக்கு எங்களிடம்தான் வருகிறார்கள், சாமான் கடைக்குப் போய்த் துள்ளடக்கி கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்? எந்தச் சொல்லை வைத்தாலும் பக்கத்தில் ஷொக் என்றும் எழுதுங்கள்.

சொல்லைவிட முக்கியமான ஒன்று குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். புல்மோட்டையிலிருந்து ஐஸோடு மீன் பெட்டி ஏற்றி ஓடுகிற ஒருவர் முன்பக்கத்தைத் தூக்கிப் போட்டார். வெறும் வண்டி நல்ல வடிவு, மேசை மாதிரி மட்டம். பெட்டி ஏற்றினதும் பின்பக்கம் பணிந்து மூக்கு மேலே போய்விட்டது. இரவில் இறக்கக்கண்டிப் பாலத்தில் எதிரே வந்த ஆள் ஒருவரும் பாதையைக் கண்டிருக்க மாட்டார்கள், முன்விளக்கு முழுக்க அவர்கள் கண்ணில். பாரம் ஏற்றுகிற வண்டிக்கு அந்தக் குனிவு குறை இல்லை. அதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லுங்கள். தூக்கினால் விளக்கையும் இறக்கித் திருப்ப வேண்டும், வீல் அலைன்மென்டும் கட்டாயம்.

அளக்கிறதையும் எழுதுங்கள். சமதரையில் நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரைக்கும் அளக்க வேணும், நிலத்திலிருந்து அளந்தால் டயர் தேய்வும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். நாலு சில்லையும் அளந்து எழுதி வைத்துவிட்டுத்தான் சாமானைத் தெரிய வேண்டும்.

டொரண்டோவிலிருந்து, செவ்வாய் இரவு

கிண்ணியா நானா சொன்னது முழுச் சரி. தங்கச்சி, ஸ்பிரிங்கை முன்கூட்டி அமுக்கி வைப்பதற்கு என்ன சொல் என்று நீர் கேட்டதை எல்லோரும் விட்டுவிட்டார்கள், எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது.

இங்கே அமெரிக்கப் பிக்கப்புகளுக்குப் பில்ஸ்டைன் 5100 வகை ஷொக்கைப் பலர் போடுகிறார்கள். அதன் உடலில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சில தவாளிப்புகள், அதாவது சுற்றிவரப் பள்ளக் கோடுகள், வெட்டியிருக்கும். ஒரு வளையக் கிளிப் அதில் ஒன்றில் உட்காரும், அதன்மேல் ஸ்பிரிங் தட்டு. மேல் தவாளிப்புக்கு மாற்றினால் தட்டு உயரும், வண்டியும் உயரும். ஷொக்கின் கால், சில்லைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் நடுப்பகுதியில் பூட்டியிருப்பதால் தட்டில் உயர்த்திய அளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சில்லில் தெரியும். தலையில் ஒரு அங்குலக் கட்டை வைத்தாலும் அப்படித்தான், இரண்டு அங்குலத்துக்குக் கிட்ட எழும்பும். பலர் ஒரு அங்குலம் வேண்டும் என்று ஒரு அங்குலக் கட்டையை வாங்கிவிட்டு முழிக்கிறார்கள்.

இதைப் பலர் 'முன்சுமை' என்று எழுதுகிறார்கள். முன் என்றால் காலத்திலா, இடத்திலா? நாம் பேசுவதே முன்பக்க ஷொக்கைப் பற்றி. முன்சுமை என்றால் எஞ்சினின் பாரம் முன் அச்சில் விழுவது என்று மாணவன் எடுத்துக்கொள்வான், அதற்கும் காரணம் இருக்கிறது, வண்டில்காரர் முன்பாரம், பின்பாரம் என்று சொல்லித்தானே மூட்டை அடுக்கினார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அமுங்கும், பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பும். பாரத்தைக் கூட்டினால் வண்டிக்கு என்னாகும் என்பதைப் பீலிபெய் சாகாடு என்ற குறளில் படித்தவர்கள் நாம்.

எனக்கு ஒரு யோசனை. காலத்துக்கு முற், இடத்துக்கு முன் என்று புணர்ச்சியிலேயே பிரித்துவிடலாம். முற்பணம், முற்பகல், முற்பிறவி எல்லாம் காலம். முன்பக்கம், முன்கதவு, முன்சில்லு எல்லாம் இடம். ஆகவே இது 'முற்சுமை'.

கோயம்புத்தூரிலிருந்து, புதன் அதிகாலை

முன்பனிக்காலம் காலமா இடமா? முன்பதிவு? முன்கோபம்? உங்கள் விதி மூன்று சொல்லைக்கூடத் தாண்டவில்லை அண்ணா. அதோடு சுமை என்பதே தவறு. தட்டை உயர்த்தினால் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் வண்டியின் பாரம் கூடுவதில்லை, ஸ்பிரிங்கின் விறைப்பும் மாறுவதில்லை. நின்ற நிலையில் அது முன்பு எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவுதான் அமுங்கும், உடல் மட்டும் உயரத்தில் நிற்கும். குறைவது ஷொக் மேலும் விரிவதற்கு மீதமிருக்கும் தூரம். அதனால்தான் அளவுக்கு மேல் உயர்த்தினால் பள்ளத்தில் சில்லு இறங்கும்போது டக் என்று இடிக்கிறது.

திருகோணமலையிலிருந்து, புதன் மாலை

ஐயா, அக்கா, அண்ணை, நானா, எல்லோருக்கும் நன்றி. விடிந்தால் அச்சுக்குக் கொடுக்க வேண்டும், ஆகவே என் முடிவைச் சொல்கிறேன்.

ஷொக்குக்குத் 'துள்ளலடக்கி'. அக்காவின் துள்ளடக்கி குறுகியது என்பது உண்மை, ஆனால் இலக்கணம் சரியா பிழையா என்று இன்னும் முடியவில்லை, மாணவருக்குத் துள் என்றால் யோசிக்க வேண்டும், துள்ளல் என்றால் யோசிக்கத் தேவையில்லை. தணிப்பியைவிட அடக்கி பேச்சில் இருக்கிற சொல். குறிப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் தடவை வரும்போது ஷொக் என்றும் சேர்த்து எழுதுகிறேன், நானா கேட்டபடி.

ஸ்பிரிங்கை முன்கூட்டி அமுக்குவதற்கு முன் என்ற சொல்லையே தொடாமல் 'தொடக்க அமுக்கம்' என்று எழுதிவிட்டேன். வண்டியில் பூட்டுமுன்பே ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதுதானே அது. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்: அமுக்கிய ஸ்பிரிங்கை உரிய அமுக்கிக் கருவி இல்லாமல் கழற்றக் கூடாது, தவறி விடுபட்டால் ஆளையே கொல்லும். இதைப் படிக்கும் பிள்ளைக்கு அமுக்கம் என்ற சொல் உள்ளே விசை இருக்கிறது என்று உணர்த்த வேண்டும். சுமை அதை உணர்த்தாது.

மட்டமாக்கும் வேலைக்கு மேசன்மார் சொல்வதுபோல 'மட்டம் பிடித்தல்'. சமநிலைப்படுத்தல் என்று எழுதச் சொன்னார்கள், அது சில்லுச் சமநிலையோடு குழம்பும். தொழிற்சாலையிலிருந்து வரும் குனிவுக்கு நானாவின் வாயிலிருந்து வந்த 'குனிவு' என்ற சொல்லே போதும், 'முன்குனிவு' என்று போட்டிருக்கிறேன். பாரம் ஏற்றுகிற வண்டிக்கு முன்குனிவை முழுதும் எடுக்காதே, கொஞ்சம் மிச்சம் வை என்பதுதான் பாடத்தின் முதல் பந்தி.

தவாளிப்பு அப்படியே இருக்கும். தொங்கலும் அப்படியே இருக்கும் ஐயா, பாடத்திட்டத்தில் இருப்பதை நான் ஒருத்தி மாற்ற முடியாது.

டொரண்டோவிலிருந்து, புதன் இரவு

முன்குனிவில் வருகிற முன் காலமா இடமா?

கிண்ணியாவிலிருந்து, வியாழன் காலை

துள்ளலடக்கி வாயில் வருகுது டீச்சர். இங்கே பொடியன்மாரிடம் சொல்லிப் பார்த்தேன், ஒருத்தன் ரெண்டாம் தரமே பிழையில்லாமல் சொன்னான். அச்சடித்ததும் கராஜுக்கும் ரெண்டு பிரதி தாங்க.

மட்டக்களப்பிலிருந்து, வியாழன் பிற்பகல்

துள்ளலடக்கியை ஏற்கிறேன், மனமுவந்து ஏற்கிறேன். துள்ளல் நின்றது எனக்குப் பெரிய நிறைவு. தொங்கலை ஏற்கவில்லை. பாடத்திட்டத்தில் இருக்கிறது என்பது ஒரு சொல் சரியென்பதற்குச் சான்றாகாது. தூங்கெயிலை வியந்து படிக்கிறவர்கள் தூங்கல் என்ற சொல்லைக் கண்டதும் சிரிக்கிறார்கள் என்றால் திருத்த வேண்டியது வாசிப்பை. இதற்குத் தனி இழை தொடங்குகிறேன், கோயம்புத்தூர் அம்மையார் துள்ளுக்கு மேற்கோள் கிடைத்தால் அதிலேயே எழுதட்டும்.