மாத்திரையை நிறுத்திவிட்டதாக எழுதிவிட்டார்கள்: பிரசன்ட் பெர்ஃபெக்ட் பழக வழி சொல்லுங்கள்

புதுவரவு:
எல்லோருக்கும் வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன். நான் வந்து நான்கு மாதம் ஆகிறது. தைராய்டுக்கு ஆறு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். போன வாரம் இங்கே முதல் தடவையாக டாக்டரைப் பார்த்தேன். "ஐ டுக் தைராய்டு டேப்லெட் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்று சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே டைப் செய்தார். வீட்டுக்கு வந்து தாளைப் பார்த்தால், முன்பு சாப்பிட்டதாகவும் இப்போது நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறது. மருந்துச் சீட்டும் தரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் படித்துப் பார்த்து, "டுக் என்றால் முடிந்துபோன விஷயம், ஹேவ் போட்டுச் சொல்லும் பிரசன்ட் பெர்ஃபெக்டில் சொல்லியிருக்க வேண்டும்" என்றாள். பள்ளியில் படித்ததுதான், வாயில் வரவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன். அதற்குள் இந்த டென்ஸை எப்படிப் பழகுவது? இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

குரோய்டன்வாசி:
தங்கச்சி, பயப்படாதீர்கள். நான் 2009இல் லண்டன் வந்தேன். பெட்ரோல் பங்கில் இரவு வேலை. ஐந்து மாதம் வெயிலையே பார்க்கவில்லை. "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ மந்த்ஸ்" என்று நான் சொல்லும்போதெல்லாம் கூட வேலை பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். என்ன தப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை. கடைசியில் ரேடியோதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. நாள் முழுக்க ரேடியோ கேளுங்கள், தானாக வரும். உங்கள் கவுன்சிலில் ஈசால் வகுப்பு, அதாவது வேற்று மொழிக்காரர்களுக்கான இங்கிலீஷ் வகுப்பு இருக்கும், அதில் சேருங்கள். ஜி.பி.யிடம், அதாவது உங்கள் குடும்ப டாக்டரிடம், அடுத்த முறை தெளிவாகச் சொன்னால் போதும்.

எடிசன்காரன்:
எனக்கு அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் எடிசனில் 12 வருஷம். இந்த டென்ஸைப் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே "டிட் யூ ஈட் எட்?" என்றுதான் கேட்கிறார்கள். "ஹேவ் யூ ஈட்டன்" எல்லாம் புத்தகத்தில்தான். டுக், வென்ட் என்கிற சிம்பிள் பாஸ்ட் தெரிந்தால் காலத்தை ஓட்டிவிடலாம்.

குரோய்டன்வாசி:
தம்பி, அது உங்கள் ஊர்ப் பேச்சு. இங்கே "ஹேவ் யூ ஹேட் யுவர் லஞ்ச்?" என்று தினமும் காதில் விழுகிறது. தெரியாமல் இருந்தால் இங்கே கஷ்டம்.

வைகைக்கரை:
எனக்கு இன்னும் ஆறவில்லை, சொல்கிறேன். பத்து வருஷம் இங்கிலீஷ் படித்தோம். கோ, வென்ட், கான்; டேக், டுக், டேக்கன் என்று வாய் வலிக்க ஒப்பித்தோம். ஹேவ், ஹேஸ் போட்டு மூன்றாவது வடிவத்தை எழுது என்றார்கள், எழுதினோம், மார்க்கும் வந்தது. எப்போது அதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு நாளாவது சொன்னார்களா? ஒரு வாக்கியம் பேசச் சொன்னார்களா? இங்கே வந்து முதல் வாரமே, பஸ்ஸில் ஒரு பாட்டி கேட்ட கேள்வி புரியாமல் சிரித்துவிட்டு இறங்கினேன். வீட்டில் வந்து அழுதேன்.

மூன்று பிள்ளைத் தாய்:
எனக்கும் அதே கதைதான். இப்போது என் பெரியவன் விருந்தாளிகள் முன்னால் என் இங்கிலீஷைத் திருத்துகிறான். அது தனி வலி. அதை விடுங்கள். புதுவரவு, நீங்கள் எந்த நாடு என்றே சொல்லவில்லையே? லண்டன் என்று நினைத்து ஒருவர் சொல்கிறார், அமெரிக்கா என்று நினைத்து இன்னொருவர் சொல்கிறார். என்ன விசா? எல்லாவற்றுக்கும் மேலே, கையில் எத்தனை மாத்திரை மிச்சம்?

புதுவரவு:
மன்னியுங்கள், பதற்றத்தில் விட்டுவிட்டேன். கனடா, ஸ்கார்பரோ. கணவர் ஸ்பான்சர் செய்து வந்தேன், பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமை இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்ததில் ஒன்பது மாத்திரைதான் மிச்சம்.

மூன்று பிள்ளைத் தாய்:
அப்படியென்றால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். இன்றே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். டென்ஸே வேண்டாம், இரண்டு சின்ன வாக்கியம் போதும்: "ஐ ஸ்டார்ட்டட் திஸ் டேப்லெட் சிக்ஸ் இயர்ஸ் அகோ. ஐ ஸ்டில் டேக் இட் எவ்ரி டே." இதில் குழப்பமே வராது. ஒன்பது மாத்திரையைப் பாதியாக உடைத்து நாட்களை நீட்டுகிற வேலை வேண்டாம். போகும்போது ஊர் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் தைரோநார்ம் என்று இருக்கும், இங்கே சின்த்ராய்டு என்று தருவார்கள். இரண்டிலும் இருப்பது லெவோதைராக்சின்தான். அந்தப் பெயரும் மைக்ரோகிராம் அளவும் அட்டையிலேயே அச்சாகியிருக்கும், அதைக் காட்டுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். கிளினிக்கில் யாரும் எடுக்கவில்லை என்றால், உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் 811ஐ அழைத்தால் எந்த நேரத்திலும் நர்ஸிடம் பேசலாம்.

சாயங்கால வகுப்பு:
மேலே அக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள். அப்புறம் இதைப் படியுங்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பல வருஷமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழர்கள் இடறும் இடம் எனக்கு நன்றாகத் தெரியும்.

தமிழில் இந்த டென்ஸ் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். "தஞ்சாவூர்க் கோயிலைப் பார்த்திருக்கிறேன்" என்கிறோமே, எப்போது என்று சொல்லாமல்? அது "ஐ ஹேவ் சீன்"தான். "சாப்பிட்டுவிட்டேன்" என்பது "ஐ ஹேவ் ஈட்டன்." இவை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. வம்பு எங்கே வருகிறது என்றால், "ஆறு வருஷமாகச் சாப்பிடுகிறேன்" என்னும் இடத்தில். தமிழில் அது நிகழ்காலம். அப்படியே மாற்றினால் "ஐ ஆம் டேக்கிங் சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்" என்று வரும். அது தப்பு என்று யாரோ சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அதனால் பயந்து இறந்தகாலத்துக்குப் போய்விட்டீர்கள். உங்கள் வாக்கியத்தில் இலக்கணத் தப்பு இல்லை. பொருள்தான் மாறிவிட்டது, அதனால்தான் டாக்டரும் திருப்பிக் கேட்கவில்லை. முன்பு தொடங்கி இன்னும் தொடர்வது என்றால் "ஐ ஹேவ் பீன் டேக்கிங் இட் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்." எவ்வளவு காலம் என்றால் ஃபார், எப்போதிலிருந்து என்றால் சின்ஸ்.

எடிசன்காரரும் குரோய்டன்வாசியும் சொல்வது இரண்டுமே உண்மை. ஆல்ரெடி, ஜஸ்ட், எட் வரும் இடங்களில் அமெரிக்காவில் சிம்பிள் பாஸ்ட் சகஜம், கனடாவிலும் இரண்டும் காதில் விழும். ஆனால் தொடர்ந்து நடப்பதைச் சொல்லும்போது எடிசனிலும் "ஐ டுக்" என்றால் நிறுத்தியாயிற்று என்றுதான் பொருள். அங்கே தப்பிக்க வழியில்லை.

கிளினிக்கில் இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். தமிழில் "எடுக்கவில்லை" என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் இன்றைய மாத்திரை எடுத்தீர்களா என்று கேட்பார்கள். இன்னும் எடுக்கவில்லை, பிறகு எடுப்பேன் என்றால் "ஐ ஹேவன்ட் டேக்கன் இட் எட்." நேற்று எடுக்கவில்லை என்றால் "ஐ டிடன்ட் டேக் இட் எஸ்டர்டே." நேற்று, போன வாரம், 2019 என்று முடிந்த காலத்தைச் சொன்னாலே ஹேவ் வராது. தமிழில் "நேற்று வந்திருக்கிறார்" என்று சொல்லலாம், இங்கிலீஷ் அதற்கு இடம் தராது. போயிருக்கிறார் என்பதிலும் எச்சரிக்கையாக இருங்கள்: போய்வந்தவர் "ஹேஸ் பீன்", போனவர் இன்னும் திரும்பவில்லை என்றால் "ஹேஸ் கான்."

காதுக்கும் பழக்கம் வேண்டும். ஹேவ் என்று முழுசாக யாரும் சொல்வதில்லை. "ஐவ் பீன்" என்று ஒரு மூச்சில் ஓடிவிடும். அதனால்தான் ரேடியோ மட்டும் கேட்டால் பலருக்கு வருவதில்லை, அந்த ஹேவ் அங்கே இருக்கிறது என்று தெரிந்தபின் கேட்டால்தான் பிடிபடும்.

பி.ஆர். உள்ளவர்களுக்கு லிங்க் என்ற அரசின் இங்கிலீஷ் வகுப்பு இலவசம். நேராகச் சேர முடியாது, முதலில் மொழி மதிப்பீட்டு மையத்தில் நேரம் வாங்க வேண்டும், அவர்கள் உங்கள் நிலையைச் சொல்லி வகுப்புக்கு அனுப்புவார்கள். சில இடங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் உண்டு. குடியுரிமை வாங்கிவிட்டால் லிங்கில் சேர முடியாது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். 18 முதல் 54 வயதுக்குள் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் பேசுவதிலும் கேட்பதிலும் சி.எல்.பி. என்ற கனடாவின் மொழி அளவுகோலில் 4ஆம் நிலையைக் காட்ட வேண்டும், இந்த வகுப்புச் சான்றிதழே அதற்கு உதவும்.

புதுவரவு:
போன் செய்துவிட்டேன்! அந்த இரண்டு வாக்கியத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். வரவேற்பில் இருந்தவர் ஒரு நிமிஷம் இருக்கச் சொன்னார். பிறகு டாக்டரே பேசினார். அட்டையில் இருந்த பெயரையும் அளவையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். மருந்துச் சீட்டைப் பார்மசிக்கு அனுப்புகிறார், வெள்ளிக்கிழமை ரத்தமும் எடுப்பார்களாம். மதிப்பீட்டுக்கு அடுத்த செவ்வாய் நேரம் கிடைத்திருக்கிறது. உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மதிப்பீட்டில் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்று எழுதினேன், சரியா? "ஐ ஹேவ் கம் டு கனடா ஃபோர் மந்த்ஸ் அகோ."

சாயங்கால வகுப்பு:
அகோ வந்துவிட்டதே, ஹேவை எடுத்துவிடுங்கள். "ஐ கேம் டு கனடா ஃபோர் மந்த்ஸ் அகோ." அடுத்து "ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் ஃபோர் மந்த்ஸ்." இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.