கேம் ஆடும்போது வாட் யாருக்கு: பிராசஸருக்கா, கிராபிக்ஸுக்கா?

இரவுக்கோட்டான்:
என் லேப்டாப்பில் பிராசஸர் ஐ7-12700எச், கிராபிக்ஸ் ஆர்டிஎக்ஸ் 3060. கிராபிக்ஸ் வேகத்தைக் கூட்டும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோர் +150, மெமரி +500 மெகாஹெர்ட்ஸ் ஏற்றினேன். சைபர்பங்க் 2077 கேம் பத்து நிமிடம் 70 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 70 ஃபிரேம்) பறக்கிறது, அப்புறம் 52-க்கு விழுகிறது. பிராசஸர் 96 டிகிரி, கிராபிக்ஸ் 86. பக்கத்து அறையிலிருந்து அம்மா, "மிக்ஸியா ஓடுது?" என்கிறார். பிராசஸரையும் ஏற்றிப் பார்க்கவா?

சூடானதோசை:
ஐயோ, வேண்டாம் ப்ரோ. இறக்குங்கள். பெரும்பாலான லேப்டாப்புகளில் இரண்டு சிப்புக்கும் வெப்பக் குழாய்கள் பொது. ஒன்று கொதித்தால் மற்றதும் வேகும். 12700எச்சின் அடிப்படை 45 வாட், டர்போவில், அதாவது வேகம் கூட்டும்போது, 115 வரை போகும். இந்த கேமுக்கு அவ்வளவு எதற்கு? பிராசஸரைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளில் டிபிஎல் பக்கம் போய் பிஎல்1-ஐ (நீடித்த வாட் வரம்பு) 45, பிஎல்2-ஐ (சிறிது நேர வரம்பு) 60 வையுங்கள். வாட்டைப் பங்கிடும் டைனமிக் பூஸ்ட் வசதி இருந்தால், பிராசஸர் தொடாத வாட்டை கிராபிக்ஸ் எடுத்துக்கொள்ளும்.

பழையமதர்போர்டு:
அதற்கு முன் கிராபிக்ஸ் பயன்பாடு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 95-க்கு மேல் என்றால் மேலே சொன்னது சரி. 70-தான் என்றால் பிராசஸர்தான் இழுக்கிறது. குறைத்தால் இன்னும் திணறும். வேலரன்ட் மாதிரி கேம்களில் அப்படித்தான். கிராபிக்ஸுக்கு +150 ஏற்றுவதை விட, அதே வேகம் குறைந்த வோல்டேஜில் ஓடும்படி வோல்டேஜ் வளைவைக் குறைப்பது நல்லது. லேப்டாப்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கியும் வையுங்கள்.

இரவுக்கோட்டான்:
98 சதவீதம் காட்டியது. 45/60 வைத்தேன். பிராசஸர் 81, கிராபிக்ஸ் 78, ஒரு மணி நேரமாக 67 எஃப்பிஎஸ்ஸிலேயே நிற்கிறது. அம்மாவுக்கு இப்போது கிரைண்டர் சத்தமாம்.