பராசக்திக்கு அப்புறம் சிவாஜி மேடை ஏறவே இல்லையா?

வடபழனி வாசகன்:
மேடையையும் திரையையும் கடைசி வரை சமமாக ஆண்டவர் சிவாஜி கணேசன் என்று யூடியூபில் ஒருவர் அளந்துகொண்டிருக்கிறார். கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. 1952-இல் முதல் படமான பராசக்தி வந்ததோடு அவருடைய மேடைக் கதை முடிந்துவிட்டது. நாடக நடிகர் என்றால் எம்.ஆர். ராதா.

மாம்பலம் மணி:
முடிந்துவிட்டதா? வீரபாண்டிய கட்டபொம்மன் நாடகம் சேலத்தில் அரங்கேறியது 1957-இல். சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. பராசக்தி வந்து ஐந்து வருஷம் கழித்து! அந்த நாடகம் பேசப்பட்ட பிறகுதான் பி.ஆர். பந்துலு 1959-இல் படமாக எடுத்தார். 1957, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடபழனி வாசகன்:
அது படத்துக்கு ஒத்திகை, அவ்வளவுதான்.

மாம்பலம் மணி:
ஒத்திகையா! அந்தப் படத்துக்குத்தானே 1960-இல் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது? அந்தக் குரல் ஊர் ஊராக மேடையில் பழகிய குரல் சார். அப்புறம் வியட்நாம் வீடு. டன்லப் ஆலையில் வேலை பார்த்த சுந்தரம் எழுதிய நாடகம். பிரஸ்டீஜ் பத்மநாபனாக மேடையில் நடித்துவிட்டுத்தான் 1970-இல் படத்தில் நடித்தார். தங்கப்பதக்கமும் அப்படியே, நாடகம் முதலில், 1974-இல் படம். எல்லாமே ஒத்திகைதானா?

ராதா ரசிகன்:
மணி சார், ரத்தக்கண்ணீர் படம் 1954-இல் வந்தது. அதற்குப் பிறகும் ராதா அதே நாடகத்தை விடாமல் போட்டார். படமாகிவிட்ட நாடகத்துக்கும் ஜனத்தை வரவைத்தார் பாருங்கள், அதுதான் மேடை.

மாம்பலம் மணி:
ராதாவை யார் குறை சொன்னது? கேள்வியை மாற்றாதீர்கள். பராசக்தி 1952, கட்டபொம்மன் நாடகம் 1957. இதற்குப் பதில் வரவில்லை.

திருவல்லிக்கேணிக்காரன்:
அண்ணாவின் நாடகத்தில் கணேசன் போட்ட அந்த மராட்டிய மன்னர் சிவாஜி வேஷமே முதலில் எம்.ஜி.ஆருக்குப் பேசியது. அவர் நடித்திருந்தால் பெரியார் யாருக்கு ‘சிவாஜி’ பட்டம் கொடுத்திருப்பார்?

மாம்பலம் மணி:
வந்துவிட்டார் ஐயா! எந்தப் பேச்சானாலும் எம்.ஜி.ஆரைக் கொண்டுவந்து நிறுத்தாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. போன தீபாவளிக்கும் இதே வேலைதான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை. வேஷம் யாருக்குப் பேசினால் என்ன? மேடையில் நின்று பெரியாரை அசத்தியவர் கணேசன்.

திருவல்லிக்கேணிக்காரன்:
அசத்தியவருக்குக் கடற்கரைச் சாலையில் சிலையைக்கூடக் காப்பாற்ற முடியவில்லையே.

மாம்பலம் மணி:
அந்தப் புண்ணைக் கிளறாதீர்கள். 2006-இல் வைத்த சிலையைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சொல்லி 2017-இல் அடையாறு மணிமண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். அது நின்ற காந்தி சிலைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அதற்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம்?

வடபழனி வாசகன்:
சிலை இருக்கட்டும். நூற்றுக்கணக்கில் படம் செய்தவர் நடுவில் சில நாடகம் போட்டால் மேடை நடிகராகிவிடுவாரா?

மாம்பலம் மணி:
முதலில் மேடைக் கதை முடிந்துவிட்டது என்றீர்கள். இப்போது ‘சில நாடகம்’ என்கிறீர்கள். சின்ன வயதில் பொன்னுசாமிப் பிள்ளை நாடகக் கம்பெனியில் பெண் வேஷம் கட்டி வளர்ந்த மனிதர் அவர். பராசக்தி எடுக்கும்போது ஆளை மாற்றலாம் என்று பேச்சு வந்தபோதும் தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் விடாப்பிடியாக நின்றது அந்த மேடைப் பழக்கத்தை நம்பித்தான்.

ராதா ரசிகன்:
அப்படியானால் ராதாவை ஏன் யாரும்...

மாம்பலம் மணி:
ராதாவுக்குத் தனியாக ஆரம்பியுங்கள், நானே வந்து பாராட்டுகிறேன். வடபழனி சார், 1957. பதில் சொல்லுங்கள்.

வடபழனி வாசகன்:
சொல்லிவிட்டேன். ஒத்திகை.