கடற்கரைக் கல்யாணம்: காற்றை எப்படிச் சமாளிப்பது?

நண்பர்களே, ஓர் உதவி. எனக்கும் அவருக்கும் கடற்கரையில் கல்யாணம், மொத்தம் 40 பேர். ஒருவருக்காக ஒருவர் எழுதிய உறுதிமொழியை நாங்களே வாசிக்கப் போகிறோம். சிக்கல் அங்கேதான். நேற்று சாயங்காலம் 4 மணிக்கு ஒத்திகை பார்த்தோம். கடல்காற்றில் காகிதம் படபடத்து மூக்கில் அடித்தது. பத்தடி தள்ளி நின்ற தங்கைக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. (அவள் சிரித்தது மட்டும் எங்களுக்கு நன்றாகக் கேட்டது!)

காலையில் வைத்தால் காற்று குறைவுதான். ஆனால் நாங்கள் முதலில் சந்தித்தது ஒரு சாயங்காலம், அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. சட்டையில் குத்தும் மைக்கில் காற்று இரையாமல் இருக்கப் பஞ்சு உறை போதுமா, ரோம உறையே வேண்டுமா?

அப்புறம், அன்று பௌர்ணமி. ஓதம் (கடல் நீர்மட்டம்) வழக்கத்தைவிட மேலே ஏறும். ஈர மணல் கோட்டிலிருந்து நாற்காலிகளை எவ்வளவு தள்ளிப் போடலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.