செய்முறை வகுப்பில் பிள்ளைகளைப் பேச வைப்பது எப்படி?

ஆய்வகத்துக்காரன், ரெதுயி:

மொரீஷியசில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வேதியியல் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். மொத்தம் இருபத்து நான்கு பேர். எட்டு வாரம் ஆகிவிட்டது. போன வாரம் ஒரு பையன், தன் பக்கத்து மேசைப் பெண்ணைக் காட்டி, "பிப்பெட் அந்த நீலப் பைக்காரியிடம் இருக்கிறது சார்" என்றான். பெயர் தெரியவில்லை!

இங்கே பெரும்பாலானவர்கள் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். 2005 முதல் மாணவர்களுக்குப் பேருந்து இலவசம். 2023 முதல் ரோஸ்ஹில்லிலிருந்து மெட்ரோவும் வருகிறது. வகுப்பு முடிந்த மறு நிமிடம் கூடம் காலி. தெற்குக் கரையில் இருக்கும் சூய்யாக் வரை போக வேண்டிய பிள்ளையை நில் என்று சொல்ல எனக்கும் மனம் வராது. நின்று பேசுகிறவர்கள் எல்லாம் ஒரே கொலேஜில் படித்தவர்கள். (இந்தியாவிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு: இங்கே மேல்நிலைப் பள்ளியைத்தான் கொலேஜ் என்போம்.)

மொழிச் சிக்கலும் இல்லை. பாடம் ஆங்கிலம் என்றாலும் கிரியோல் எல்லாருக்கும் வரும். முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், பிடித்த சாப்பாடு சொல்லச் சொன்னேன். பன்னிரண்டாவது ஆள் வருவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. வேறு வழி உண்டா?

மோக்கா அக்கா:

தம்பி, கோவிலில் ஏழு கறி சமைக்கும் நாளில் போய்ப் பாருங்கள். பிஞ்சுப் பலாக்காய் நறுக்க நான்கு பேரை உட்கார வைப்போம். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவாவிட்டால் பால் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்க் கிண்ணம் ஒன்றுதான் இருக்கும். "கொஞ்சம் தள்ளுங்க" என்று ஆரம்பித்து, பலாக்காய் முடிவதற்குள் யார் வீட்டுப் பிள்ளை, எங்கே வேலை, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை வரைக்கும் வந்துவிடும். அவர்களை யாரும் அறிமுகம் செய்து வைப்பதில்லை. உங்கள் மேசையில் ஆளுக்கொரு கிண்ணம் இருக்கிறதோ?

தெற்குக்காரர்:

நட்பு வளர்ப்பது ஆசிரியர் வேலையா என்ன? அளவு சரியாக வந்தால் போதும். பதினெட்டு வயதுப் பிள்ளைகள், தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டாமாண்டு மாணவி:

ஐயா, தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் வகுப்பிலும் ஆளுக்கொரு பியூரெட் (அடியில் திருகு குழாய் வைத்த, அளவு குறித்த கண்ணாடிக் குழல்), ஆளுக்கொரு தாள். பேசினால்தான் வேலை கெடும், பேசாவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. என் ஒரே நெருங்கிய தோழி கிடைத்ததே ஒரு ஒழுகுகிற பியூரெட்டால்தான். குழாயை எத்தனை திருகினாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. அவளுடையதை வைத்து இருவரும் செய்தோம், அப்புறம் தரையையும் சேர்ந்து துடைத்தோம்.

ஒன்று மட்டும், தயவுசெய்து வாரா வாரம் ஜோடியை மாற்றாதீர்கள். பழகத் தொடங்கும்போதே பிரித்துவிடுகிறார்கள். மூன்று நான்கு வாரமாவது விடுங்கள். தெற்குக்காரர் அண்ணாவுக்கு: தாங்களே பார்த்துக்கொண்டவர்கள் பாதிப் பேர் முதலாண்டு முழுக்க போனைப் பார்த்துக்கொண்டே தனியாகச் சாப்பிட்டார்கள்.

ஆய்வகத்துக்காரன், ரெதுயி:

அக்கா சொன்ன கிண்ணம் மனதில் தைத்துவிட்டது. வியாழக்கிழமை பாதி பியூரெட்டுகளை அலமாரியில் பூட்டிவிட்டேன். ஒரே கொலேஜ்காரர்கள் சேராதபடி ஜோடி போட்டேன். ஒருவர் கண் பியூரெட் அளவில், கை குழாயில். மற்றவர் குடுவையைச் சுழற்றிக்கொண்டே நிறத்தைப் பார்க்க வேண்டும். குடுவையில் விட்ட நிறங்காட்டி, பினாப்தலீன், இளஞ்சிவப்பாக மாறி நின்றதும் அவர்தான் குரல் கொடுக்க வேண்டும். இரண்டு அளவுகள் 0.1 மில்லிக்குள் ஒத்துவராவிட்டால் இருவரும் மறுபடி செய்ய வேண்டும்.

முதல் பத்து நிமிடம் அமைதி. அப்புறம் நீலப் பைக்காரியின் மேசையிலிருந்து "அரேத்தே! அரேத்தே!" (நிறுத்து! நிறுத்து!) என்று அலறல். கத்தியது அவள்தான், குழாயில் நின்றவன் அந்தப் பையன். நிறுத்துவதற்குள் குடுவை ரோஜாப் பூ மாதிரி சிவந்துவிட்டது. மூன்று முறை திரும்பச் செய்தார்கள், பாதி நேரம் சண்டை. தெற்குக்காரர் ஐயா கவலைப்பட வேண்டாம், அளவு கடைசியில் சரியாகத்தான் வந்தது. ஐந்து மணிப் பேருந்தைத்தான் இருவரும் விட்டுவிட்டார்கள். எதிர்க் கடையில் காத்தோ பிமா (மிளகாய் போட்ட பருப்பு வடை) வாங்கித் தின்றுகொண்டு அடுத்த வண்டிக்கு நின்றார்கள்.

ஜோடியை நான்கு வாரம் மாற்றப் போவதில்லை. அந்த ஒழுகுகிற பியூரெட் இன்னும் இருக்கிறதா, தங்கச்சி?